ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்கான கோடைக்கால முதுகலை: நான் எப்படி முடிவெடுத்தேன்

போன அக்டோபரில் என் வகுப்பில் ஒரு பையன் எழுதிய கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். குவாத்தமாலாவிலிருந்து இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே நியூ ஜெர்சிக்கு வந்தவன். நண்பனுக்கு எழுதுவதுபோல் ஒரு கடிதம், பத்து வரி. அதில் ‘உன்னிடம் இருக்கிறது’ என்று சொல்ல ‘வோஸ் தெனேஸ்’ என்று எழுதியிருந்தான். நான் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே ‘தூ தியெனெஸ்’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்துவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மதியம் சாப்பிடும்போது பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கொலம்பியாவில் காலி நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அவங்க ஊர்ல அப்படித்தானே பேசுவாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். அது தப்பில்லையே” என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

‘நீ’ என்று சொல்ல ‘தூ’ போலவே ‘வோஸ்’ என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் படித்த பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் அர்ஜென்டினாக்காரர்கள் பேசுவது என்கிற அளவில். மத்திய அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் கோடிக்கணக்கான பேர் வீட்டிலும் தெருவிலும் நண்பனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பதை நான் மனதில் வாங்கியதே இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று ‘அம்மாவோடு கதைத்தேன்’ என்று எழுதினால் ஒரு தமிழ் ஆசிரியர் ‘கதைத்தேன்’ என்பதை அடித்துவிட்டு ‘பேசினேன்’ என்று போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நான் அந்த ஆசிரியர் செய்ததைத்தான் செய்திருந்தேன். நான் ஸ்பானிஷை இருபத்து நாலு வயதுக்கு மேல், புத்தகத்திலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் கற்றுக்கொண்டவள். என் வகுப்பில் பாதிப் பேர் அதைத் தாய் மடியிலிருந்து கொண்டு வருகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் நிற்க இன்னும் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஆனால் எங்கே படிப்பது? வேலையை விட முடியாது. பள்ளி நடக்கும் மாதங்களில் மாலை வகுப்புக்குப் போகத் தெம்பும் இல்லை, வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான். மிச்சம் இருப்பது கோடை விடுமுறைதான். வேலையில் இருக்கும் ஸ்பானிஷ் ஆசிரியர்கள் கோடைகளில் மட்டும் படித்து மூன்று, நான்கு வருடங்களில் முதுகலை முடிக்கிற மாதிரியான படிப்புகள் அமெரிக்காவில் இருக்கின்றன. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அவற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். என்னைப் போல யாராவது இப்போது அதே தேடலில் இருந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்குக் குழப்பமாக இருந்த விஷயம், எல்லாவற்றுக்கும் பெயர் ஒரே மாதிரி இருப்பது. ‘ஸ்பானிஷ் முதுகலை’ என்று போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றில் முழுக்க இலக்கியம், பொற்காலக் கவிதை, லத்தீன் அமெரிக்கச் சிறுகதை. இன்னொன்றில் மொழி கற்பித்தல், தேர்வு தயாரித்தல், பாடத்திட்டம். மூன்றாவது வகை ‘மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங்’. இதில் நான் கிட்டத்தட்ட ஏமாந்துவிட்டேன், பெயரில் டீச்சிங் இருக்கிறதே, நமக்கானதுதான் என்று நினைத்து விண்ணப்பத்தில் பாதி வரை நிரப்பிவிட்டேன். அது பெரும்பாலும் இன்னும் ஆசிரியர் உரிமம் வாங்காதவர்களுக்கானது. அதில் ஒரு பருவம் முழுக்க மேற்பார்வையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்துக்கொண்டு தினமும் ஐந்து வகுப்பு எடுக்கிறவருக்கு அது எதற்கு?

இலக்கியமா, கற்பித்தலா என்பதில்தான் அதிக நாள் யோசித்தேன். நம் வகுப்பறையில் எது குறைகிறது என்பதைப் பொறுத்தது அது. உங்கள் பள்ளியில் கல்லூரி அளவில் நடக்கிற ‘ஏபி’ ஸ்பானிஷ் இலக்கிய வகுப்பை உங்கள் தலையில் கட்டப் போகிறார்கள் என்றால் அதற்குப் படிக்க வேண்டிய கட்டாயப் பட்டியலில் 38 படைப்புகள் இருக்கின்றன, இடைக்காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை. அதை நடத்துகிறவருக்கு இலக்கியப் படிப்பு கட்டாயம் வேண்டும். என் நிலைமை வேறு. எனக்குப் பாடம் நடத்தத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் ஸ்பானிஷ்தான் ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டது.

அது எந்த இடம் என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியும். நியூ ஜெர்சியில் மொழி ஆசிரியர் உரிமத்துக்கு ஓபிஐ என்கிற பேச்சுத் தேர்வில் ‘அட்வான்ஸ்டு லோ’ அளவு வாங்க வேண்டும். தொலைபேசியில் அரை மணி நேரம் வரை ஒருவர் நம்மிடம் பேச்சுக் கொடுப்பார். சாதாரணமாக ஆரம்பிக்கும், வீடு, வேலை, நேற்று என்ன செய்தீர்கள் என்று. அப்புறம் மெதுவாக ஏற்றிக்கொண்டே போவார்கள், நாம் எங்கே தடுமாறுகிறோம் என்று கண்டுபிடிக்கிற வரை. என்னிடம் கடைசியில் கேட்டது, நீங்கள் இந்த நாட்டுக்கு வராமலே இருந்திருந்தால் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும், ஏன் என்று. சொல்வதற்கு மனதில் அவ்வளவு இருந்தது. ‘இருந்திருந்தால்’ என்று தமிழில் ஒரே மூச்சில் வந்துவிடுகிற அந்த வினை, ஸ்பானிஷில் ‘உபியேரா’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். தேர்ச்சி பெற்றுவிட்டேன், வேண்டிய அளவு வந்துவிட்டது. ஆனால் அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. நடக்காததைப் பற்றிப் பேசுவது, ஒரு கருத்தை நிறுத்தி வாதாடுவது, இதெல்லாம் ‘சுப்பீரியர்’ என்கிற அடுத்த பெரிய படிக்கு உரியவை. வகுப்பில் நடப்பது முக்கால்வாசி நிகழ்காலமும் இறந்தகாலமும்தான், அங்கே நாள் முழுக்கப் பேசினாலும் இந்தத் தசை வளராது.

ஆகவே எனக்கு வேண்டியது காலையிலிருந்து இரவு வரை ஸ்பானிஷ் மட்டும் இருக்கிற இடம். இது தெரிந்த பிறகு பட்டியல் மளமளவென்று சுருங்கியது. ஆன்லைன் படிப்புகள் முதலில் போயின. அவை மட்டம் என்று சொல்ல மாட்டேன், செலவு குறைவு, வீட்டை விட்டு நகர வேண்டாம், சம்பள உயர்வுக்கு அதே மதிப்பு. சின்னக் குழந்தை இருக்கிறவர்களுக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் மடிக்கணினியை மூடியதும் என் வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம். எனக்கு வேண்டியது அதில் கிடைக்காது.

மிச்சம் இருந்ததில் இரண்டு இடங்கள் மேல் எனக்கு ஆசை வந்தது. ஒன்று ஓரிகனில் ஆஷ்லண்ட் ஊரில் இருக்கிற சதர்ன் ஓரிகன் பல்கலைக்கழகம், மெக்சிகோவில் குவானஹுவாத்தோ நகரத்தில் ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்கென்றே வைத்திருந்த கோடைப் படிப்பு. ஆஷ்லண்டும் குவானஹுவாத்தோவும் 1969 முதல் சகோதர நகரங்கள், அந்த உறவின் மேல் வளர்ந்தது அது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, கூடப் படிக்கிற எல்லாரும் ஆசிரியர்களாகவே இருக்க, மூன்று கோடைகளில் முடிப்பது. குவானஹுவாத்தோ மலைப் பள்ளத்தாக்குக்குள் இருக்கிற பழைய வெள்ளிச் சுரங்க நகரம். கார்கள் பூமிக்கடியில் சுரங்கப் பாதைகளில் ஓடும், மேலே சந்துகளில் மனிதர்கள் நடப்பார்கள். அந்தச் சந்துகளில் காலையில் ரொட்டி வாங்கப் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வகுப்புக்குப் போவதை நினைத்தாலே எனக்கு மனசு பறந்தது.

இன்னொன்று வெர்மாண்டில் மிடில்பரி. 1915இல் ஜெர்மன் மொழியோடு தொடங்கிய கோடை மொழிப் பள்ளிகள், ஸ்பானிஷ் 1917இல் சேர்ந்தது. அங்கே முதுகலை மாணவர்களுக்கு ஆறு வாரம், கோடைக்கு மூன்று பாடம், நான்கு கோடைகளில் முடிக்கலாம். முக்கியமானது அவர்களுடைய மொழி உறுதிமொழி: படிக்க வந்த மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு மேஜையில், துணி துவைக்கிற இடத்தில், நள்ளிரவில் பல்வலி வந்தால்கூட முதலில் ஸ்பானிஷில்தான் முயல வேண்டும் என்கிற அளவுக்கு அங்கே போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். கற்பிக்க வருகிறவர்களும் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். ஒரே மேஜையில் மாட்ரிட்காரரின் ‘வோசோத்ரோஸ்’, அர்ஜென்டினாக்காரரின் ‘வோஸ்’, மெக்சிகோக்காரரின் ‘உஸ்தெதெஸ்’ என்று நீ, நீங்கள் என்பதற்கான சொற்களெல்லாம் காதில் விழும்.

ஆசை ஒரு பக்கம். அதற்கப்புறம் சில கேள்விகளை உட்கார்ந்து எழுதி ஒவ்வொன்றாகக் கேட்டேன். இவற்றைக் கேட்காமல் யாரும் முன்பணம் கட்டிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆசையாக இருக்கிறது.

மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் குறியீடு என்னவென்று விழும்? இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஒரே மாதிரியான பாடம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் துறையின் குறியீட்டில் வரும், இன்னொன்றில் கல்வித் துறையின் குறியீட்டில் வரும். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் நடத்துகிற இரட்டைச் சேர்க்கை வகுப்புகளை எடுக்க வேண்டுமென்றால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்திலேயே முதுகலையோ அல்லது முதுகலை அளவில் 18 கிரெடிட்டோ (பாடங்களை அளக்கிற அலகு) கேட்கின்றன. கல்வித் துறைக் குறியீட்டில் வாங்கிய கிரெடிட்டை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. என்னோடு ஆசிரியர் பயிற்சியில் இருந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. இரண்டு கோடை முடித்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அழாத குறையாகச் சொன்னார்.

செமஸ்டர் கிரெடிட்டா, குவார்ட்டர் கிரெடிட்டா? சில பல்கலைக்கழகங்கள் வருடத்தை நான்காகப் பிரிக்கின்றன. அங்கே 3 குவார்ட்டர் கிரெடிட் வாங்கினால் இங்கே 2 செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். 45 குவார்ட்டர் என்றால் 30 செமஸ்டர். ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு கட்டணம் என்று பார்த்து மலிவு என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதைப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.

பள்ளி மாவட்டத்தின், அதாவது நம் பகுதிப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பின், முன் அனுமதி. நியூ ஜெர்சியில் இது சட்டமாகவே இருக்கிறது. கல்விக் கட்டண உதவியோ கூடுதல் சம்பளமோ வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும், பாடம் நம் வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், சேருவதற்கு முன்பே மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டன்ட் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் கதவு மூடிவிடும். நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன், ‘கோடைப் படிப்பு’ என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தேன், படிவம் திரும்பி வந்தது. ஒவ்வொரு பாடத்தின் பெயரும் எண்ணும் விளக்கமும் தனித்தனியாக வேண்டும் என்றார்கள். சரி, அது நல்லதற்குத்தான், அப்படி எழுதும்போதுதான் பாடங்களை உண்மையாகவே படித்துப் பார்த்தேன்.

எந்தக் கோடையில் எந்தப் பாடம்? சிறிய படிப்புகளில் எல்லாப் பாடமும் எல்லா வருடமும் இருக்காது. எனக்கு வேண்டிய வட்டார வழக்குப் பாடம் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றால் என் திட்டம் மொத்தமும் மாறிவிடும். முந்தைய மூன்று கோடைகளின் பாட அட்டவணையை அனுப்புங்கள் என்று கேளுங்கள். ஒரு இடத்தில் எனக்கு அதற்கு இரண்டு மாதம் பதிலே வரவில்லை, நான் அந்த இடத்தை அடித்துவிட்டேன்.

அந்தப் படிப்பு நான் முடிக்கிற வரை இருக்குமா? கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் கேளுங்கள். 2023இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் பணப் பற்றாக்குறை என்று சொல்லி 28 பட்டப் படிப்புகளை மூட முடிவெடுத்தது, மொழிப் படிப்புகளுக்குப் பலத்த அடி. பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே அப்படி என்றால், கோடையில் மட்டும் நடக்கிற சின்னப் படிப்பு எந்த வருடமும் நின்று போகலாம். புது மாணவர்களை எடுக்கிறீர்களா, நிறுத்தினால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்க வழி செய்வீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பனி. சிரிக்காதீர்கள், இதுதான் எனக்குப் பெரிய தலைவலி. நியூ ஜெர்சியில் 180 நாள் பள்ளி நடந்தாக வேண்டும். குளிர்காலத்தில் பனிக்காக விடுமுறை விட்டால் அந்த நாட்கள் ஜூனில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஜூன் கடைசி வாரத்தில் தொடங்குகிற படிப்புக்கும் எங்கள் கடைசி வேலை நாளுக்கும் நடுவே சில வருடங்களில் இரண்டு நாள்தான் இருக்கும். ஜூன் நடுவிலேயே தொடங்குகிற படிப்புகளை இந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கினேன். மே மாதமே பள்ளி முடிந்துவிடுகிற தெற்கு மாநிலங்களில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பணம். கட்டணத்தை மட்டும் பார்க்காமல் தங்குமிடம், சாப்பாடு, பயணம், கோடைப் பள்ளியில் வேலை செய்திருந்தால் வந்திருக்கக்கூடிய சம்பளம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் வைக்கவும் சில இருக்கின்றன. பள்ளி மாவட்டம் கட்டண உதவி தந்தால் வருடத்துக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரி இல்லை. வரிக் கணக்கில் ‘லைஃப்டைம் லர்னிங்’ சலுகை வருடத்துக்கு 2,000 டாலர் வரை குறைக்கும், ஆனால் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் 1,80,000 டாலரைத் தாண்டிய வருமானத்துக்கு அது கிடையாது. மத்திய அரசின் ‘டீச் கிராண்ட்’ என்கிற உதவித்தொகை வருடத்துக்கு 4,000 டாலர் வரை, முதுகலைக்கு மொத்தம் 8,000 வரை. வெளிநாட்டு மொழி ஆசிரியர்கள் அதில் வருவார்கள். ஆனால் வறுமை அதிகமுள்ள பள்ளிப் பட்டியலில் இருக்கிற பள்ளியில், எட்டு வருடத்துக்குள் நாலு வருடம் வேலை செய்தாக வேண்டும். தவறினால் அது முழுக்கக் கடனாக மாறும், வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்து. என் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறது, இருந்தாலும் நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடத் துணிந்தேன். மிடில்பரியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருகிற உதவியும் உண்டு, விலையைப் பார்த்து மலைத்துப் போய் அந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் மனதை மெக்சிகோவில் வைத்துவிட்டு வெர்மாண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கோடை கூடுதல், செலவும் கூடுதல். ஆனால் பையனைக் கூட்டிக்கொண்டு கணவர் ஒரு சனிக்கிழமை காரிலேயே வந்துவிடலாம். பள்ளி நாட்காட்டியோடு ஒத்துப் போகிறது. முக்கியமாக, என் வகுப்பில் குவாத்தமாலா, டொமினிக்கன் குடியரசு, ஈக்வடார், மெக்சிகோ என்று நாலைந்து நாட்டு ஸ்பானிஷ் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஊரின் ஸ்பானிஷில் ஊறுவதைவிடப் பல ஊர் ஸ்பானிஷ் கலக்கிற இடம் எனக்குத் தேவை. உங்கள் வகுப்பில் எல்லாரும் மெக்சிகோ வழிப் பிள்ளைகள் என்றால் நீங்கள் இதற்கு நேர் எதிரான முடிவு எடுப்பதுதான் சரி.

ஆறு வாரம் தமிழ் பேச மாட்டாயா என்று பையன் கேட்டான். அவனோடு எப்போது, எங்கிருந்து பேசலாம் என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. இப்போது தினமும் இரவு என்னிடம் பத்து ஸ்பானிஷ் சொல் கேட்டு எழுதிக்கொள்கிறான்.

விண்ணப்பத்தோடு ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஸ்பானிஷில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் அந்த மாணவனைப் பற்றி எழுதிவிட்டு அவனிடம் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. அதற்கு முன்பே அவனைக் கூப்பிட்டு நான் குறைத்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டு, தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தேன். ஜனவரியில் ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு அந்தப் பத்தியை மட்டும் அச்செடுத்துக் கொடுத்து, உன் பெயர் இதில் இல்லை, இருந்தாலும் நீ சரி என்றால்தான் அனுப்புவேன் என்றேன்.

நின்றுகொண்டே படித்தான். இரண்டு முறை படித்தான் என்று நினைக்கிறேன், கண் மேலே போய்த் திரும்ப இறங்கியது. அவன் என்னை ‘செனியோ’ என்றுதான் கூப்பிடுவான், அவன் ஊரில் பிள்ளைகள் டீச்சரை அப்படிக் கூப்பிடுவார்கள். தாளை என் மேஜையில் வைத்து, ‘தெனேஸ்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான்.

“செனியோ, இதுல அழுத்தம் கடைசி அசைல இருக்கு, ‘எஸ்’ல முடியுது. மேல கோடு போடணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க.”

என் பேனாவை அவனிடம் கொடுத்தேன். கோட்டைப் போட்டான். அனுப்புங்க என்றான்.